சனிக்கிழமைத் தண்ணீர்

நசரத்பேட்டை,
27 ஜனவரி 1932, புதன்கிழமை.

மேஸ்திரி ஹாஜா மொய்தீன் அவர்களுக்கு,

நான் உம்மை 'யூஸ்லெஸ்' என்று சொன்னதாகப் பூந்தமல்லிக் கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை. 'மூட்டு சரியில்லை' என்றுதான் சொன்னேன். இரண்டும் வேறு வேறு. நான் உம்மை ஊரைவிட்டுத் துரத்திவிட்டதாகவும் பேச்சு. அதுவும் தவறு. காணும் பொங்கலன்று ஏரிக்கரையில் பேச்சு முடிந்ததும் நான் வீட்டுக்கு வந்தேன், நீர் பூந்தமல்லியில் உமது பட்டறைக்குப் போனீர். மூன்றாம் நாள் பட்டறையைப் பூட்டிக்கொண்டு பழவேற்காட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனது உமது முடிவு. அடுத்த பட்டறைச் சம்பத்திடம் கேட்டு இந்த விலாசத்தை வாங்கினேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஊரில் யாரும் வரிசையாகச் சொல்வதில்லை.

மராமத்து இலாகாவில் ஓவர்சீயராக இருந்து ஓய்வுபெற்ற என் கணவர், செம்பரம்பாக்கம் ஏரியில் உலாவி வருவதற்கென்று உம்மிடம் ஒரு படகு செய்யச் சொன்னார். மீன் பிடிக்க அல்ல, அக்கரைக்கு ஆள் ஏற்ற அல்ல. ஆறு பேர் உட்கார்ந்து காற்று வாங்குவதற்கு மட்டும். 1926-ஆம் வருஷம் செய்து கொடுத்தீர். என்னைக் கேளாமல் அதற்கு என் பெயரையே வைத்தார். அவர் காலமாகி நான்கு வருஷம் ஆகிறது. அவர் இருந்தவரை அந்தப் படகில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. போன வருஷம் கொஞ்சம் ஈரம் தெரிந்தது. இந்த வருஷம் ஏரி நிரம்பிப் படகை இறக்கியதிலிருந்து தண்ணீர் நிற்கிறது.

காணும் பொங்கலன்று அம்பத்தூரிலிருந்து டாக்டர் வீட்டம்மாவும் அவருடைய இரண்டு தங்கைகளும் விருந்துக்கு வந்தார்கள். நடு ஏரியில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டது. மூன்று பட்டுப்புடவைகளின் கரை நனைந்தது. படகைப் பார்த்துக்கொள்ளும் வேம்புலி துடுப்பைப் போட்டுவிட்டுச் சொம்பால் இறைத்தான். கரையில் கூடியிருந்த கூட்டத்திலிருந்து ஒருவன், "டேய், தாட்சாயிணி ஒய்வுதுடா!" என்று கத்தினான். ஒழுகுகிறதாம். அறுபத்து மூன்று வயதில் நான் கேட்க வேண்டிய வாக்கியம் அல்ல அது. அதற்குப் பிறகுதான் உமக்கு ஆள் அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் பேசினேன்.

எங்கே குறை வைத்தீர் என்று உமக்குத் தெரியாமல் இராது. இடப்பக்கம், பின்னாலிருந்து மூன்றாவது வங்கின், அதாவது உள்பக்கக் குறுக்குச் சட்டத்தின், பக்கத்தில் பலகை எப்போதும் ஈரமாக இருக்கிறது. அந்த மூட்டுத்தான் என்பது என் எண்ணம். ஆம் என்றோ இல்லை என்றோ எழுதவும். பத்து நாளாக நான் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் படிக்கவில்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை ஏரிக்குப் போய் வருகிறேன். போகும்போது தண்ணீர் இருக்கிறது, இறைத்துவிட்டு வருகிறேன், மறுபடி போனால் மறுபடி இருக்கிறது.

இப்படிக்கு,
தாட்சாயிணி.


786

பழவேற்காடு,
2 பிப்ரவரி 1932.

நசரத்பேட்டை ஓவர்சீயர் வீட்டு அம்மா அவர்களுக்கு ஹாஜா மொய்தீன் சலாம். சொல்வது நான், எழுதுவது என் மகள் ஜுலைகா. எனக்கு மரத்தில் கோடு போடத் தெரியும், தாளில் தெரியாது.

அந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் முப்பது வருஷம் துரைமார் பங்களாக்களுக்குக் கதவும் ஜன்னலும் போட்டவன். அந்த ஒரு சொல் எனக்கு நன்றாகத் தெரியும். டாக்டர் வீட்டம்மா பக்கம் திரும்பிச் சொன்னீர்கள். அன்று நோன்பு. விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத வாயோடு வெயிலில் நின்றிருந்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "இன்னா மேஸ்திரி, ஓட்டையோடயே செஞ்சி குட்த்தியா?" என்றான் ஒருவன். மறுநாள் பட்டறைக்கு மாட்டுவண்டிச் சட்டம் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருந்தவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் யாரும் வரவில்லை. பூட்டினேன்.

இனி படகு. அது பர்மா தேக்கு. பலகை இடுக்கெல்லாம் பஞ்சும் குங்கிலியமும் வைத்து என் கையால் அடைத்தேன். கழுவின தண்ணீர் வெளியே போக அடியில் ஒரு துளை, துளைக்குப் பித்தளை வளையம், வளையத்துக்குப் பித்தளைத் தக்கை. அந்தத் தக்கையை எண்ணெய் விட்டு வளையத்திலேயே மூன்று நாள் அரைத்துப் பொருத்தினேன். நடுவில் ஒரு தாள் நுழையாது. உங்கள் வீட்டய்யா ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினார்.

நீங்கள் சொல்கிற மூன்றாவது வங்கு மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் படகு கட்டிப்போட்ட இடத்தில் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். எங்கே நுழைந்தாலும் தண்ணீர் அங்கே போய்த்தான் சேரும். இப்படிச் செய்யுங்கள். படகைக் கரையேற்றி, கட்டை வைத்து உயர்த்தி, இரண்டு நாள் வெயிலில் காய விடுங்கள். பிறகு அடியில் தரை முழுக்கச் சலித்த சாம்பலைப் பரப்பிவிட்டு, படகுக்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். எங்கே ஓட்டையோ அதன் நேர் கீழே சாம்பலில் புள்ளி விழும். எழுதுங்கள்.

ஒரு வேண்டுகோள். எண்ணூர்க் கழிமுகத்தில் துரைமார்களுக்கு உல்லாசப் படகு விடும் உலகநாத முதலியார் நான்கு புதுப் படகு செய்யப் போகிறார். என்னைத்தான் நினைத்திருந்தார். உங்கள் ஏரிக்கரைப் பேச்சு அவர் காதுக்கும் வந்துவிட்டது. 'படகுக்காரம்மா கையால் உன் வேலையில் குறையில்லை என்று ஒரு கடிதம் வாங்கி வா, வேலை உனக்கு' என்கிறார். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் இந்தக் கடற்கரையில் எனக்கு யாரும் ஒரு துடுப்புகூடச் செய்யக் கொடுக்க மாட்டார்கள்.

ஹாஜா மொய்தீன்.

இதற்கு மேல் அத்தா கோபத்தில் சொன்ன இரண்டு வரியை நான் எழுதவில்லை. மன்னிக்கவும். ஜுலைகா.


நசரத்பேட்டை,
14 பிப்ரவரி 1932, ஞாயிற்றுக்கிழமை.

மேஸ்திரிக்கு,

நீர் சொன்னபடியே செய்தாயிற்று. செவ்வாய்க்கிழமை படகைக் கரையேற்றினோம். இரண்டு நாள் வெயில். வியாழக்கிழமை சாம்பலை மூன்று தடவை சலித்து, நானே நின்று பரப்பச் செய்தேன். வேம்புலி இருபத்திரண்டு குடம் ஊற்றினான். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை குடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பலில் ஒரு புள்ளி இல்லை. ஒரு காக்கை நடந்துபோன தடம் மட்டும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் கழுவி ஏரியில் இறக்கினோம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் இரண்டே கால் அங்குலம் தண்ணீர்.

யாரோ வேண்டுமென்றே ஊற்றுகிறார்கள் என்று நினைத்தேன். இறைத்துத் துடைக்கச் சொல்லிவிட்டு, நாற்காலி போட்டுக் கரையிலேயே உட்கார்ந்தேன். ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. பதினொரு மணிக்கு, படகுக்குள் கால் வைக்கும் நடைப்பலகையைத் தூக்கினால் மறுபடி முக்கால் அங்குலம். என் கண் முன்னாலேயே வந்திருக்கிறது. எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

வேம்புலிக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. "யம்மா, அய்யாதான் வந்து குந்திகினு கீறாரு. ஏரில கால நனைச்சிகினு ஏறினா படகு ஈரம் ஆவாதா?" என்றான். என் கணவர் காலைத் துடைக்காமல் எங்கும் ஏறியவர் அல்லர் என்று சொன்னேன். "செத்தப்பறம் யார் துண்டு குடுப்பாங்கோ" என்றான். இவனிடம் பேசிப் பயனில்லை.

மழையும் இல்லை. தை பிறந்து ஒரு தூறல் விழவில்லை. அலையும் இல்லை. உமது சோதனையோ ஓட்டையே இல்லை என்கிறது. ஆக, உமது சோதனை தவறு, அல்லது நீர் எதையோ என்னிடம் மறைக்கிறீர்.

சான்றுக் கடிதம் கேட்டிருந்தீர். படகில் தண்ணீரை வைத்துக்கொண்டு குறையில்லை என்று எப்படி எழுதுவேன்? காரணம் தெரியட்டும்.

மூன்று வாரமாக எடுத்த அளவுகளை இத்துடன் தனித் தாளில் வைத்திருக்கிறேன். தைக்கும் நாடாவால், தினமும் காலை ஆறு மணிக்கு, ஒரே இடத்தில் அளந்தவை. அளந்தபின் ஒவ்வொரு முறையும் இறைத்துத் துடைத்திருக்கிறது. சனிக்கிழமைகளில் இரண்டு அங்குலத்துக்கு மேல். ஞாயிறு ஒன்றரை. திங்கள் முக்கால். செவ்வாய், புதன் வெறும் ஈரம். வியாழன் ஒன்றுமில்லை. சனி மறுபடி இரண்டு. இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ராத்திரி சாப்பாட்டின் நடுவில் எழுந்துபோய்த் தாளை மறுபடி எடுத்துப் பார்க்கிறேன் என்று சமையல்காரி கன்னியம்மா ஊரெல்லாம் சொல்கிறாள். அது மட்டும் உண்மை.

தாட்சாயிணி.


786

பழவேற்காடு,
18 பிப்ரவரி 1932.

அம்மா அவர்களுக்குச் சலாம்.

பெருநாள் முடிந்தது. உங்கள் அளவுத் தாளை ஜுலைகா மூன்று முறை படித்துக் காட்டினாள். இவ்வளவு சுத்தமாக அளந்தவரை நான் பார்த்ததில்லை. பட்டறையில் இருந்தபோது நீங்கள் என்கூட இருந்திருக்கலாம்.

நான் எதையும் மறைக்கவில்லை. பலகை ஒழுகினால் அதற்குக் கிழமை தெரியாது. சனிக்கிழமை நிறைய, வியாழக்கிழமை கொஞ்சமும் இல்லை என்றால் அது மரத்தின் வேலை அல்ல. மனுஷர் வேலை.

ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமை அந்தப் படகுக்கு என்னென்ன செய்கிறீர்கள்? ஒன்று விடாமல் எழுதுங்கள்.

முதலியார் மறுபடி ஆள் அனுப்பினார். மார்ச் பத்தாம் தேதிவரை பொறுப்பாராம். அதற்குமேல் ராயபுரத்தில் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவாராம்.

ஹாஜா மொய்தீன்.


நசரத்பேட்டை,
22 பிப்ரவரி 1932, திங்கட்கிழமை.

மேஸ்திரிக்கு,

உமது கேள்வியில் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. அது எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை என் வீட்டில் நடப்பதில் குறை கண்டுபிடிக்க இதுவரை யாராலும் முடியவில்லை. ஒன்று விடாமல் எழுதச் சொன்னீர், எழுதுகிறேன்.

விடிந்ததும் வேம்புலியும் அவனுக்குத் துணைக்கு வரும் துலுக்கானமும் படகைக் கரையேற்றுவார்கள். தக்கையைப் பிடுங்கி, உள்ளே சீயக்காய்த் தண்ணீர் விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவார்கள். துடுப்புகளைத் துடைத்து நிழலில் சாத்துவார்கள். நடைப்பலகைகளை வெயிலில் போடுவார்கள். படகிலுள்ள பித்தளையெல்லாம், அதாவது துடுப்பு மாட்டும் நான்கு வளையங்களும், பெயர் பொறித்த தகடும், அந்தத் தக்கையும், கழற்றப்பட்டு ஒரு கூடையில் வீட்டுக்கு வரும். அன்று வீட்டில் விளக்கு, குடம், தாம்பாளம் எல்லாம் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் துலக்குகிற நாள். கூடவே இவற்றையும் கன்னியம்மா துலக்குவாள். பத்து மணிக்குள் எல்லாம் திரும்பிப் போய்ப் பொருத்தப்பட்டு, பன்னிரண்டுக்குள் படகு ஏரியில் இறங்கிவிடும்.

என் கணவர் இருந்தபோது அந்தத் தக்கை கரிய நிறத்தில், எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கும். யாரையும் தொட விடமாட்டார். "அத அப்படியே விடு, அது வேலை செய்யுது" என்பார். அவர் காலமான பிறகு படகு என் பொறுப்பு. என் பெயர் எழுதிய ஒரு பொருளில் களிம்பு பிடித்த பித்தளை இருக்க நான் சம்மதிக்க மாட்டேன். நான்கு வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. முதல் வாரம் கன்னியம்மா கேட்டாள்: "இது இன்னாத்துக்கும்மா? தண்ணிக்கு அடியில கீற சாமான். யார் பாக்கப் போறாங்கோ?" நான் பார்ப்பேன் என்றேன். கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர் மேஜையின் அடிப்பக்கத்தையும் துடைக்கச் சொல்வார், பிறகு கைக்குட்டையால் தடவிப் பார்ப்பார். இன்றைக்கு அந்தத் தக்கையில் முகம் பார்க்கலாம்.

காணும் பொங்கலுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று முதல் நாள் வெள்ளிக்கிழமை இரண்டு முறை துலக்கச் செய்தேன். அவ்வளவு கவனம் எடுத்தும் அந்த அவமானம் எனக்கு நேர்ந்தது.

இவ்வளவுதான் வெள்ளிக்கிழமை. சுத்தம் செய்வதால் படகில் தண்ணீர் வரும் என்று நீர் சொல்லப்போவதானால், அதைத் தெளிவாக எழுதும். சான்றுக் கடிதத்தைப் பொறுத்தவரை என் பதில் மாறவில்லை. உண்மையென்று தெரியாத ஒன்றின் கீழ் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

தாட்சாயிணி.

பி.கு. இந்தச் சனிக்கிழமையும் இரண்டு அங்குலம். ஏரித் தண்ணீரே இறங்க ஆரம்பித்துவிட்டது, படகுத் தண்ணீர் இறங்கவில்லை.


786

பழவேற்காடு,
26 பிப்ரவரி 1932.

அம்மா அவர்களுக்குச் சலாம்.

உங்கள் கடிதத்தை ஜுலைகா பாதி படிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. மீதியையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

முதலில் என் பிழையைச் சொல்கிறேன். சாம்பல் சோதனை சொன்னேனே, அது பலகைக்குத்தான் சரி. படகுக்குள் தண்ணீர் ஊற்றினால், மேலிருந்து செருகின பொருளை அது கீழே அழுத்தி மூடிவிடும். ஏரித் தண்ணீர் கீழிருந்து வருவது, அது தூக்கிவிடும். இதை யோசிக்காமல் உங்களை ஒரு நாள் முழுக்க வெயிலில் நிற்க வைத்தேன். அது என் தவறு.

இப்போது ஒன்று செய்யுங்கள். வேம்புலி வேண்டாம், கன்னியம்மா வேண்டாம். அந்தத் தக்கையை உங்கள் கையில் எடுங்கள். கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்து, வளையத்தில் வைத்து, தலையை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மேலே அகலமான தலை இருப்பதால் பார்வைக்கு நன்றாக உட்கார்ந்த மாதிரியே தெரியும். கண்ணை நம்பாதீர்கள். விரலை நம்புங்கள்.

என்ன தெரியும் என்று நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் அது என் பேச்சு. உங்கள் விரல் சொல்லட்டும்.

பத்தாம் தேதிக்கு இன்னும் பதின்மூன்று நாள்.

ஹாஜா மொய்தீன்.

அம்மா, சொல்லக்கூடாது என்றார், ஆனாலும் எழுதுகிறேன். அத்தா தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறார். கையில் உளி எடுத்து நாற்பது நாள் ஆகிறது. ஜுலைகா.


நசரத்பேட்டை,
6 மார்ச் 1932, ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய ஹாஜா மொய்தீன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை மத்தியானம், சாப்பாட்டு இலை போட்டிருந்தபோது வந்தது. அப்படியே எழுந்துவிட்டேன். "திங்கக்கெழமைல படகக் கரையேத்துறதா? வெள்ளிக்கெழமதான வயக்கம்?" என்று வேம்புலி வாசலில் நின்று வாதாடினான். நான் முன்னால் நடக்க ஆரம்பித்ததும் பின்னால் வந்தான்.

தக்கையை நானே பிடுங்கினேன். அதன் கழுத்தைச் சுற்றி ஏரிக் களிமண் ஒரு மோதிரம் போல ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை துலக்கி வைத்த இடுக்கில் வாரம் முழுக்க வண்டல் சேர்ந்து தானாக அடைந்திருக்கிறது. வியாழக்கிழமைக்குள் நன்றாக அடைத்துவிடும். வெள்ளிக்கிழமை நான் அதைச் சுத்தமாகத் துலக்கி எடுத்துவிடுவேன். நான்கு வருஷமாக, அழுக்கு என்று நினைத்து நான் எடுத்துப்போட்டது அந்தப் படகைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒன்றை.

கழுவித் துடைத்து வளையத்தில் வைத்தேன். பார்க்கச் சரியாக இருந்தது. இரண்டு விரலால் ஆட்டினேன். ஆடியது. சத்தம் வேறு கேட்டது. நடுவில் தாள் நுழையாது என்று எழுதியிருந்தீர்கள். கையில் உங்கள் கடிதம் இருந்தது. அதன் ஓரத்தை இரண்டாக மடித்துச் செருகினேன். உள்ளே போயிற்று. நான்காக மடித்தேன். அதுவும் போயிற்று.

நீங்கள் மூன்று நாள் அரைத்துப் பொருத்தியதை, நான் செங்கல்பொடி போட்டு இருநூறு வெள்ளிக்கிழமை அரைத்திருக்கிறேன். இளைத்துப் போய்விட்டது. காணும் பொங்கலுக்கு முதல் நாள் இரண்டு முறை துலக்கியதுதான் மறுநாள் மூன்று பட்டுப்புடவைகளையும் நனைத்தது.

கரையில் இருந்த அந்தப் படகிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வேம்புலி தக்கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தேச்சே கரைச்சிட்டோமாம்மா?" என்றான். ஆம் என்றேன். வீட்டில் கன்னியம்மாவிடம் சொன்னபோது, "நான் அன்னிக்கே கேட்டனே, இன்னாத்துக்குன்னு" என்றாள். அவள் கேட்டது உண்மை.

மெழுகுவர்த்தியை உருக்கி, தையல் நூலை அதில் தோய்த்துத் தக்கையில் சுற்றிச் செருகினேன். செவ்வாய் ஒன்றுமில்லை, புதன் ஒன்றுமில்லை, வியாழன் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை கன்னியம்மா வழக்கம்போல் கூடைக்குக் கை நீட்டினாள். இன்றைக்கு இல்லை என்று அனுப்பினேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். அளக்க ஒன்றும் இல்லை. பலகை காய்ந்து கிடந்தது. மூன்றாவது வங்கின் பக்கமும் காய்ந்து கிடந்தது.

இன்று காலை டாக்டர் வீட்டம்மாவையும் அவருடைய தங்கைகளையும் மறுபடி வரவழைத்தேன். அக்கரைவரை போய் வந்தோம். கால் நனையவில்லை. இறங்கியதும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கரையில் நிற்கும்போதே, அவரிடம் இங்கிலீஷில் சொன்னேன். பிறகு திரும்பிக் கரையில் நின்றவர்களிடம் தமிழில் சொன்னேன். பூந்தமல்லி மேஸ்திரி செய்த படகில் குறை இருந்ததில்லை, அதைக் கெடுத்தவள் நான் என்று சொன்னேன். தக்கையையும் காட்டினேன்.

கத்துகிறவன் ஒருவன் எப்போதும் இருக்கிறான். "அப்போ மேஸ்திரி மேல தப்பு இல்லியாம்மா?" என்றான்.

"இல்லை."

"அப்போ அன்னிக்கு அந்த ஆள அவ்ளோ பேசுனியே?"

"பேசினேன். அதுவும் தவறு."

பிறகு ஒரு கிழவர், "சரி வுடு, தாட்சாயிணி இப்போ ஒய்வல இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர்களை அடக்கவில்லை.

உலகநாத முதலியாருக்குரிய சான்றுக் கடிதம் இத்துடன் இருக்கிறது. தமிழில் ஒன்று, துரைமார்களுக்குக் காட்ட இங்கிலீஷில் ஒன்று. படகு எந்த வருஷம் செய்யப்பட்டது, எந்த மரம், ஆறு வருஷம் எப்படி நடந்தது, தண்ணீர் எதனால் வந்தது, யாரால் வந்தது என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். தபாலை நம்பி இருக்க எனக்கு மனமில்லை. நாளைக் காலை ரயிலில் வேம்புலி பொன்னேரி வந்து, அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு வந்து கையில் கொடுப்பான். பத்தாம் தேதிக்கு அவகாசம் இருக்கிறது. தக்கையும் அவனிடம் இருக்கிறது. அதற்குப் பதில் ஒன்று நீங்கள் செய்து தருவதானால் மகிழ்வேன். மனமில்லையென்றால் நூல் சுற்றியே ஓட்டிக்கொள்கிறேன், உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஜனவரி 27-ஆம் தேதி உங்களுக்கு எழுதிய கடிதத்தின் முதல் பத்தியில், 'அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை' என்று எழுதியிருந்தேன். சொன்னேன். டாக்டர் வீட்டம்மா பக்கம் திரும்பி, உங்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில் சொன்னேன். நீங்கள் கேட்டது சரி. நீங்கள் நோன்பு என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்று இப்போது யோசிக்கிறேன், கிடைக்கும் விடை எனக்குப் பிடிக்கவில்லை.

கான்வென்ட்டில் எங்களுக்குப் பிழையைச் சுரண்டி அழிக்க அனுமதி கிடையாது. தவறான வரி தெரியும்படி அதன் மேல் ஒற்றைக் கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அந்தக் கடிதம் உங்களிடம் இருக்கிறது. அதை வேம்புலியிடம் கொடுத்தனுப்புங்கள். திருத்திக் கையெழுத்திட்டு உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். அது உங்களிடம் இருக்க வேண்டிய கடிதம்.

முதலியார் என்ன சொன்னார், தக்கை செய்து தருவீர்களா, இரண்டுக்கும் பதில் வேண்டும். வேம்புலியிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்ப வேண்டாம், அவன் வழியில் மாற்றிவிடுவான். ஜுலைகாவை எழுதச் சொல்லுங்கள். அன்று அவள் எழுதாமல் விட்ட அந்த இரண்டு வரியையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.

தாட்சாயிணி.